கிராங்க் புல்லியை மாற்றும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் இன்ஜின் பிரித்துக் கட்டும் வேலையில் இருக்கிறேன். காரை டியூன் செய்ய வருகிறவர்கள் ஒரு தடவையாவது கிராங்க் புல்லியைப் பற்றிக் கேட்டுவிடுவார்கள். நீலமும் சிவப்புமாக ஆனடைஸ் செய்த அலுமினியப் புல்லி பார்க்க அழகு, கையில் எடுத்தால் லேசு, மாட்ட ஒரே ஒரு போல்ட். ஆசை வரத்தான் செய்யும். ஆனால் அந்த ஒரு போல்ட்டுக்குப் பின்னால் இருப்பது முழு கிராங்க் ஷாஃப்ட், அதாவது பிஸ்டன்கள் தள்ளித் திருப்பும் இன்ஜினின் முதன்மைத் தண்டு. போனில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

கிராங்க் புல்லி என்றால் பெல்ட் ஓட்டுகிற சக்கரம்தானே? அதில் அப்படி என்ன இருக்கிறது?

பல இன்ஜின்களில் பெல்ட் ஓட்டுவது அதன் இரண்டாவது வேலைதான். கம்பெனியிலிருந்து வரும் புல்லி பெரும்பாலும் ஒரே துண்டாக இருக்காது. நடுவில் கிராங்க் மூக்கில் (தண்டின் முன் முனையில்) உட்காரும் ஹப், வெளியே கனமான இரும்பு வளையம், இரண்டுக்கும் நடுவே பென்சிலில் பாதி கனத்துக்கு ஒரு ரப்பர் பட்டை. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் டாம்பர். ஹார்மோனிக் பேலன்சர் என்றும் சொல்வார்கள். அந்தப் பெயரால் ஒரு குழப்பமும் வருகிறது. சக்கரத்துக்கு ஈயக்கட்டி ஒட்டி பேலன்ஸ் செய்வது போன்ற வேலை இல்லை இது. கிராங்க் முறுகித் துடிப்பதை அடக்குகிற வேலை.

முறுகுவதா? அது உருக்குத் தண்டு ஆயிற்றே?

உருக்கும் முறுகும். ஈரத் துணியைப் பிழியும்போது ஒரு கை ஒரு பக்கமும் மறு கை எதிர்ப்பக்கமும் திருப்புகிறது அல்லவா, பிஸ்டன் ஒவ்வொரு தடவை எரிந்து தள்ளும்போதும் கிராங்க்குக்கு அதுதான் நடக்கிறது. பின் முனையில் கனமான ஃப்ளைவீல் பிடித்துக்கொண்டிருக்கிறது, முன் முனை லேசாக இருக்கிறது. ஒரு அடி விழுந்ததும் தண்டு கொஞ்சம் முறுகும், உடனே பழைய நிலைக்குத் துள்ளித் திரும்பும், அந்த வேகத்தில் எதிர்ப்பக்கமும் போகும். கண்ணுக்குத் தெரியாத அளவுதான். ஆனால் நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை.

நான்கு சிலிண்டர் இன்ஜினில் 180 டிகிரிக்கு ஒரு அடி, ஆறு சிலிண்டரில் 120-க்கு ஒன்று, வி8-இல் 90-க்கு ஒன்று. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தொட்டுத் தொட்டுத் தள்ளினால் சின்னப் பிள்ளைகூட அதைக் கூரை வரை உயர்த்திவிடும். அதேபோல அடி விழும் வேகமும் கிராங்க்கின் இயல்பான துடிப்பும் ஒத்துப்போகும் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) ஒன்று இருக்கும். பள்ளிப் பாடத்தில் ஒத்ததிர்வு என்று படித்தது இதுதான். கணக்குக்காக, ஒரு ஆறு சிலிண்டர் கிராங்க்கின் இயல்பு அதிர்வெண் 330 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு மூன்று அடி. அப்படியானால் 6,600 ஆர்பிஎம்மில் நொடிக்கு 330 அடி, நேராகப் பொருந்திவிடும். சுற்றுக்கு ஆறு துடிப்பாக வரும் அடுத்த அலை 3,300-இலேயே பொருந்தும், நாலரைத் துடிப்பு அலை 4,400-இல். ஆக, தப்பிக்க முடியாது. அந்த ஆர்பிஎம் வழியாகத்தான் தினமும் கியர் மாற்றிப் போகிறோம்.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீளமான ஆறு சிலிண்டர் இன்ஜின்கள் வந்தபோது கிராங்க் உடைவது பெரிய தலைவலியாக இருந்தது. இங்கிலாந்தில் பிரடெரிக் லான்செஸ்டர் டாம்பரைக் கண்டுபிடித்துக் காப்புரிமை வாங்கியது அந்தக் காலத்தில்தான். இன்று வரை அடிப்படை அதே: முன் முனையில் ஒரு கனமான வளையத்தை இறுக்கிக் கட்டாமல் கொஞ்சம் நழுவ விட்டு, அந்த நழுவலில் துடிப்பை வெப்பமாக மாற்றிவிடுவது. அடித்த கோயில் மணியை உள்ளங்கையால் பிடித்தால் நாதம் அடங்குவதைப் போல.

இந்தத் துடிப்பு ஸ்டீயரிங்கிலும் சீட்டிலும் தெரியாது. "மாற்றினேன், வித்தியாசமே தெரியவில்லை, ஸ்மூத்தாகத்தான் ஓடுகிறது" என்று சொல்வது அதனால் சாட்சியம் ஆகாது.

டாம்பரைக் கழற்றிவிட்டு லேசான ஒரே துண்டு புல்லி போட்டு எத்தனையோ பேர் ஓட்டுகிறார்களே? கிராங்க் உடைந்துவிடுமா?

எல்லா இன்ஜினுக்கும் ஒரே பதில் சொன்னால் அது பொய்யாகிவிடும். கிராங்க் எவ்வளவு நீளம், எவ்வளவு பருமன், எவ்வளவு ரெவ், எவ்வளவு பவர் என்பதைப் பொறுத்தது.

சுபாருவின் ஈஜே வகை பாக்ஸர் நான்கு சிலிண்டரில் கிராங்க் குட்டையானது, நான்கு சிலிண்டருக்கு கிராங்க்கைத் தாங்கும் ஐந்து மெயின் பேரிங். குட்டையான தடித்த தண்டின் இயல்பு அதிர்வெண் மேலே இருக்கும், இன்ஜின் ஓடும் எல்லைக்குள் பெரிய தொல்லை வருவது குறைவு. லேசான புல்லி அதிகம் விற்பதும் அந்த மாதிரி இன்ஜின்களுக்குத்தான், ஓட்டுகிறவர்கள் பலர் தப்பித்திருப்பதும் அதனால்தான்.

அதே வேலையை நேர்வரிசை ஆறு சிலிண்டரில் செய்தால் வேறு கதை. டொயோட்டாவின் 2ஜேஇசட், நிசானின் ஆர்பி26 இரண்டிலும் கிராங்க் நீளம். ஆர்பி26-இல் ஆயில் பம்பின் உள் கியரை கிராங்க் மூக்கே நேராகத் திருப்புகிறது. 1989-இல் வந்த ஆர்32 ஸ்கைலைன் ஜிடி-ஆரில் அந்தக் கியரைப் பிடிக்கும் தட்டையான முகம் குறுகியது. கியரோ பொடி உலோகத்தை அழுத்திச் செய்தது, அடிக்கு உடையக்கூடியது. கிராங்க் மூக்கு துடித்தால் அந்தக் கியரைச் சுத்தியலால் தட்டுவது போல ஆகும். கியர் நொறுங்கும், ஆயில் பிரஷர் போகும், மறு நிமிடம் பேரிங் எல்லாம் போகும். அந்த இன்ஜினைப் பெரிய பவருக்குக் கட்டுகிறவர்கள் கிராங்க் காலர் (அந்தக் குறுகிய முகத்தை நீட்டிக்கும் வளையம்), உருக்குக் கியர், நல்ல டாம்பர் மூன்றையும் சேர்த்துப் போடுவது இந்த அனுபவத்தால்தான்.

எனவே "கிராங்க் உடையுமா" என்று மட்டும் கேட்காதீர்கள். கிராங்க் உடைவதற்கு வெகு முன்னால் ஆயில் பம்ப், முன் மெயின் பேரிங், டைமிங் செயின், புல்லி போல்ட், கீ (புல்லியைக் கோணம் மாறாமல் நிறுத்தும் சின்ன உலோகத் துண்டு) என்று பக்கத்தில் இருப்பவை அடி வாங்கும். அவை போகும்போது யாரும் புல்லியைச் சந்தேகப்படுவதில்லை.

என் தீர்ப்பு: வண்டியில் ஏற்கெனவே டாம்பர் இருந்தால், அதைவிட நல்ல டாம்பரால் மட்டுமே அதை மாற்ற வேண்டும். வெறும் புல்லியால் மாற்றக் கூடாது.

லேசான புல்லியால் எத்தனை குதிரைத்திறன் கூடும்?

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 2 கிலோ எடை, 75 மில்லிமீட்டர் ஆரம் உள்ள ஒரு வட்டு. அதன் நிலைமத் திருப்புத்திறன் சுமார் 0.0056 கிலோகிராம் மீட்டர் வர்க்கம். முதல் கியரில் 2,000-இலிருந்து 7,000 ஆர்பிஎம்முக்கு 3 நொடியில் ஏறுகிறது என்றால், அந்த வட்டைச் சுழற்றித் தூக்க ஏறத்தாழ 1 நியூட்டன் மீட்டர் டார்க் போகிறது. 7,000 ஆர்பிஎம்மில் அது சுமார் 720 வாட், ஒரு குதிரைத்திறன்கூட முழுதாக இல்லை. எடையைப் பாதியாக்கினால் மிச்சம் அரை குதிரைத்திறன். மூன்றாவது, நான்காவது கியரில் ரெவ் ஏறும் வேகம் குறைவதால் அதுவும் தேயும்.

இன்னொன்றும் பாருங்கள். 8 கிலோ ஃப்ளைவீல் ஒன்றை 140 மில்லிமீட்டர் ஆர வட்டாக எடுத்துக்கொண்டால் அதன் கணக்கு 0.078. புல்லியைப் போல 14 மடங்கு. ரெவ் சட்டென்று ஏற வேண்டும் என்பதே ஆசை என்றால் காசை ஃப்ளைவீலில் போடுங்கள். முன்பக்கம் இருக்கும் கனம் சும்மா தொங்குகிற கனம் அல்ல.

டைனோ (பவரை அளக்கும் இயந்திரம்) தரும் பேப்பரில் 8, 10 குதிரைத்திறன் கூடியதாகக் காட்டுவார்கள். எடை குறைந்ததால் மட்டும் அவ்வளவு வராது. புல்லியின் விட்டத்தையும் குறைத்திருப்பார்கள், அல்லது இரண்டு ஓட்டத்துக்கும் நடுவே இன்ஜின் சூடு மாறியிருக்கும்.

என் காரில் இருப்பது டாம்பரா, வெறும் புல்லியா? எப்படிக் கண்டுபிடிப்பது?

டார்ச் அடித்து முன்முகத்தைப் பாருங்கள். ஹப்புக்கும் வெளி வளையத்துக்கும் நடுவே கறுப்பாக ஒரு வட்டக் கோடு தெரிந்தால் அது ரப்பர், அதாவது டாம்பர். சில வண்டிகளில் ரப்பர் பின்பக்கம் ஒளிந்திருக்கும், கழற்றினால்தான் தெரியும். கோடே இல்லாமல் ஒரே வார்ப்பாக இருந்தால் வெறும் புல்லி. அப்படிப்பட்ட இன்ஜினில் டாம்பர் தேவையில்லை என்று தயாரித்தவர்களே கணக்கிட்டு முடிவு செய்திருக்கிறார்கள். அதே விட்டத்தில் வேறு ஒரே துண்டுப் புல்லி போடுவதில் அங்கே பெரிய பயம் இல்லை.

கம்பெனி டாம்பர் கெட்டுப்போகுமா?

கண்டிப்பாக. ரப்பர்தானே. சூடும் ஆயிலும் பட்டு வருஷக்கணக்கில் இறுகி, வெடித்து, ஒட்டு விடும். பழைய 2ஜேஇசட் வண்டிகளிலும் சூப்பர்சார்ஜர் (பெல்ட்டால் ஓடி இன்ஜினுக்குள் காற்றை அழுத்தும் கருவி) வைத்த மினி கூப்பர் எஸ்ஸிலும் இது எல்லாரும் அறிந்த நோய். மினியின் 2002 முதல் 2006 வரையான ஆர்53 மாடலில் அந்த ஒரே பெல்ட்தான் சூப்பர்சார்ஜரையும் இழுக்கிறது, புல்லிக்கு ஓய்வே இல்லை.

இன்ஜின் ஐடிலில் இருக்கும்போது வெளி வளையத்தின் ஓரத்தைப் பாருங்கள். தட்டாமாலை சுற்றுவது போல உள்ளும் வெளியும் ஆடினால் காலம் முடிந்துவிட்டது. நிறுத்திவிட்டு விரலால் ரப்பரைத் தடவிப் பார்த்தால், நல்ல ரப்பர் மட்டமாக இருக்கும். கெட்டது ஒரு பக்கம் உதடு போலப் பிதுங்கி வெளியே நிற்கும், நகம் பட்டால் கறுப்புத் துகள் உதிரும். அதன் கீழே கவரில் கறுப்புப் பொடி படிந்திருக்கும்.

வளையம் நழுவியிருக்கிறதா என்று அறிய ஒரு எளிய வழி. ஹப்பிலிருந்து வளையம் வரை குறுக்கே வெள்ளைப் பெயிண்டால் ஒரே கோடு போடுங்கள். ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். கோடு இரண்டாக விலகியிருந்தால் வளையம் நழுவுகிறது. டைமிங் குறி அந்த வெளி வளையத்தில்தான் வெட்டப்பட்டிருக்கிறது என்றால், அதை நம்பி டைமிங் லைட் அடித்து இக்னிஷன் வைத்த அத்தனை பேரும் தப்பாக வைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

ரப்பர், வேறு வகை என்று விற்கிறார்களே, எதை வாங்குவது?

ரப்பர் வகை ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்குக் குறிவைத்துச் செய்யப்படுவது. அந்த இடத்தில் நன்றாக அடக்கும், தள்ளிப் போனால் சக்தி குறையும். கம்பெனி டாம்பர் கம்பெனி கிராங்க்குக்கும் கம்பெனி பிஸ்டனுக்கும் கம்பெனி ரெவ் லிமிட்டுக்கும் குறிவைத்தது. நீங்கள் ஃபோர்ஜ்டு கனெக்டிங் ராடு, வேறு பிஸ்டன், லேசான ஃப்ளைவீல் போட்டு லிமிட்டையும் ஆயிரம் உயர்த்தினால் அந்தக் குறி பழசாகிவிடும். அமெரிக்காவின் ஏடிஐ நிறுவனத்தின் சூப்பர் டாம்பர் இதே ரப்பர் தத்துவத்தில் வருவதுதான். ஆனால் ரப்பரை ஒட்டாமல் ஓ-ரிங்குகளாகப் பள்ளத்தில் வைத்து, உறையைப் போல்ட்டால் மூடியிருப்பார்கள். ரப்பர் வயதானால் பிரித்து மாற்றலாம். கடினம் குறைந்த, கூடிய ரப்பர்களை இன்ஜினுக்கேற்ப மாற்றவும் முடியும். ஹப் தனித் துண்டு.

இரண்டாவது சிலிகோன் திரவ வகை. மூடிய உறைக்குள் கனமான வளையம், சுற்றிலும் மிகக் குறுகிய இடைவெளியில் தேனைவிடக் கெட்டியான சிலிகோன். கிராங்க் துடிக்கும்போது உறை துடிக்கும், வளையம் தன் போக்கில் சீராகச் சுற்றும், நடுவிலுள்ள திரவம் அறுபட்டுச் சூடாகும். ஃப்ளூயிடாம்பர் இந்த வகையில் பேர் பெற்றது. பெரிய லாரி, பஸ்ஸின் ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின்களில் முன்னால் தட்டையாக ஒரு பெரிய வட்டு பார்த்திருப்பீர்கள், பலவற்றில் அது இதே வகை. ஒரே அதிர்வெண் என்று இல்லாமல் அகலமான எல்லையில் அடக்கும் என்பது பலம். வீட்டில் பிரித்துச் சரிசெய்ய முடியாது என்பது பலவீனம். கீழே போட்டாலோ சுத்தியல் பட்டாலோ உறை நசுங்கி உள் வளையத்தைப் பிடித்துக்கொள்ளும். வெளியே சின்னப் பள்ளம்தான் தெரியும், உள்ளே டாம்பர் செத்திருக்கும். பழையது வாங்கினால் விரலை உறை முழுக்க ஓட்டிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

உராய்வுத் தட்டு வைத்த மூன்றாவது வகையும் இருக்கிறது. அது பந்தய வண்டிக்கு உரியது, தெருவில் ஓடும் காருக்கு நான் சொல்வதில்லை.

தினமும் ஓடும், கொஞ்சம் பவர் ஏற்றிய நான்கு சிலிண்டருக்குப் புதிய கம்பெனி டாம்பரே போதும். இதைச் சொன்னால் பலருக்கு முகம் வாடும். ஆனால் 15 வருஷப் பழைய ரப்பரைக் கழற்றிவிட்டு அதே கம்பெனியின் புதியதைப் போடுவது உண்மையான முன்னேற்றம். ஆறு சிலிண்டர், பெரிய டர்போ, உயர்ந்த ரெவ் என்று போகும்போது ஏடிஐ, ஃப்ளூயிடாம்பர் போன்றவற்றுக்குப் போங்கள். அங்கே சிக்கனம் பார்க்கக் கூடாது.

சின்ன விட்டப் புல்லி போட்டால் இன்ஜினுக்குச் சுமை குறையும் என்கிறார்களே?

குறையும், விலையும் கொடுக்க வேண்டும். கிராங்க் புல்லி 150 மில்லிமீட்டர், ஆல்டர்னேட்டர் புல்லி 55 என்றால் 800 ஐடிலில் ஆல்டர்னேட்டர் சுமார் 2,180 சுற்றும். கிராங்க் புல்லியை 120 ஆக்கினால் 1,745-தான். ஆல்டர்னேட்டர் அந்த எல்லையில் தரும் ஆம்பியர் சட்டென்று விழும். மே மாசம், சென்னை கத்திப்பாராவில் நிற்கிறீர்கள், ஏசி, ரேடியேட்டர் ஃபேன், ஹெட்லைட் எல்லாம் ஓடுகிறது. பேட்டரிதான் பாக்கியைக் கட்டும். அதே நேரத்தில் வாட்டர் பம்பும் 20 சதவீதம் மெதுவாகச் சுற்றுகிறது, ஏசி கம்ப்ரசரும் அப்படியே.

மிச்சம் எங்கிருந்து வருகிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஆல்டர்னேட்டர் இழுக்கும் பவர் கரண்ட் செலவைப் பொறுத்தது. மெதுவாகச் சுற்றினாலும் அதே கரண்ட் வேண்டுமென்றால் ஏறத்தாழ அதே பவரை இழுக்கும். வாட்டர் பம்ப் அப்படி அல்ல. அதன் பவர் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும், 20 சதவீதம் மெதுவானால் கிட்டத்தட்ட பாதியாகும். இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் எந்நேரமும் 5,000-க்கு மேல் ஓடும் வண்டிக்கு இது நல்லது, பம்ப் அதிவேகத்தில் குமிழி கட்டுவதும் குறையும். அலுவலகம் போய்வரும் வண்டிக்கு வேண்டாம்.

பெல்ட்டும் மாறும். விட்டம் 30 மில்லிமீட்டர் குறைந்தால், பெல்ட் பாதிச் சுற்று தழுவுவதாக வைத்து, நீளம் சுமார் 47 மில்லிமீட்டர் குறைய வேண்டும். பெல்ட்டின் மேல் 6பிகே1200 என்று இருந்தால் 6 வரி, 1,200 மில்லிமீட்டர் நீளம். அதற்குப் பதில் 1,150 அருகே தேட வேண்டியிருக்கும். டென்ஷனர் இல்லாத இழுவைப் பெல்ட் வண்டிகளில் இதில் கொஞ்சம்கூட இடம் கொடுக்காது.

சூப்பர்சார்ஜர் வண்டிக்குப் பெரிய புல்லி?

அங்கே கணக்கு தலைகீழ். கிராங்க் புல்லியின் விட்டத்தை பிளோயர் (சூப்பர்சார்ஜர்) புல்லியின் விட்டத்தால் வகுத்தால் விகிதம். 190-க்கு 76 என்றால் 2.5, இன்ஜின் 6,500-இல் பிளோயர் 16,250. கிராங்க் புல்லியைப் பெரிதாக்கினால் பூஸ்ட் (உள்ளே தள்ளும் காற்றழுத்தம்) ஏறும். கூடவே ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் எல்லாமே வேகமாகச் சுற்றும். அதனால் பூஸ்ட் மட்டும் வேண்டுமென்றால் பிளோயர் புல்லியைச் சின்னதாக்குவதுதான் வழக்கம். ஆனால் மிகச் சின்னப் புல்லியில் பெல்ட் தழுவும் இடம் குறைந்து நழுவும். இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவது அனுபவசாலிகள் செய்வது. பிளோயரைச் செய்தவர்கள் சொன்ன உச்ச வேகத்தைத் தாண்டாதீர்கள்.

உள் சமநிலை, வெளிச் சமநிலை என்கிறார்கள். எனக்கு அது தேவையா?

அமெரிக்க வி8 வைத்திருந்தால் கட்டாயம். சில இன்ஜின்களில் கிராங்க்கின் எடைச் சமநிலையில் ஒரு பங்கை முன் டாம்பரிலும் ஃப்ளைவீலிலும் எடை வைத்து ஈடுகட்டியிருப்பார்கள். அது வெளிச் சமநிலை. எல்லாம் கிராங்க்கிலேயே முடிந்துவிட்டால் உள் சமநிலை. ஃபோர்டு 302-இல் இந்த ஈட்டின் அளவு பழையவற்றுக்கு 28 அவுன்ஸ்-இஞ்ச், 1980-களின் மஸ்டாங் 5.0-க்கு 50. மாற்றிப் போட்டால் அந்த இன்ஜின் தானே தன்னை உடைத்துக்கொள்ளும். ஷெவர்லே 400 இன்ஜின் வெளிச் சமநிலை, அதே நிறுவனத்தின் எல்எஸ் வி8 குடும்பம் உள் சமநிலை. நம் ஊரில் ஓடும் நான்கு சிலிண்டர்களில் பெரும்பாலும் இந்தச் சிக்கல் வராது.

புல்லி மாற்றிய பிறகு ஸ்டார்ட் ஆகவில்லை என்றால்?

பழைய புல்லியின் பின்னால் பல் சக்கரம் இருந்ததா என்று பாருங்கள். பிஎம்டபிள்யூவின் எம்50 இன்ஜினில் கிராங்க் சென்சார் முன் டாம்பரில் உள்ள பல் சக்கரத்தைத்தான் படிக்கிறது: 60 பல்லுக்கான இடம், 2 பல் இல்லாத இடைவெளி. பல் சக்கரம் இல்லாத புல்லியைப் போட்டால் இசியுவுக்கு (இன்ஜினை நடத்தும் கணினிக்கு) கண் கட்டிவிட்ட மாதிரி. பல் சக்கரம் இருந்தும் அதன் கோணம் கொஞ்சம் மாறியிருந்தால் இன்னும் மோசம்: ஸ்டார்ட் ஆகும், ஆனால் இக்னிஷன் தப்பாக ஓடும். வாங்கும் முன் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, கீ பள்ளத்துக்கும் இடைவெளிக்கும் உள்ள கோணத்தை ஒப்பிடுங்கள்.

மாட்டும்போது எதில் கவனம் வேண்டும்?

எல்லாத் தவறும் இங்கேதான் நடக்கிறது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

சில வருஷம் முன்னால் டிராக்குக்குப் போகும் ஒரு நான்கு சிலிண்டர் வண்டி என்னிடம் வந்தது. முன்பக்கம் டக்டக் என்று சத்தம். விலை உயர்ந்த டாம்பர், வேறொரு பட்டறையில் மாட்டியது. போல்ட்டில் ரெஞ்ச் வைத்ததும் கை பலத்துக்கே வந்துவிட்டது. இம்பாக்ட் கன்னால் இரண்டு சத்தம் கேட்கும் வரை இறுக்கி விட்டிருக்கிறார்கள், டார்க் ரெஞ்ச் வைக்கவில்லை. புல்லியை இழுத்தேன். கிராங்க் மூக்கைச் சுற்றிக் குங்குமம் கொட்டியது போலச் செம்பொடி. இரண்டு உலோகம் நுண்ணியமாக உரசி உரசித் துருவாகி உதிர்ந்தது அது. கீயின் ஒரு பக்கம் படி போலத் தேய்ந்திருந்தது, கீ பள்ளத்தின் சுவர் உருண்டையாகிவிட்டது. பள்ளம் போனால் கிராங்க் போன மாதிரி. புல்லி விலையைப் போலப் பல மடங்கு செலவு.

கீ என்பது புல்லியைச் சரியான கோணத்தில் நிறுத்துவதற்குத்தான், டார்க்கைத் தாங்குவதற்கு அல்ல. டார்க்கைத் தாங்குவது போல்ட் தரும் இறுக்கம். மாஸ்டா எம்எக்ஸ்-5-இன் 1990, 1991-இன் தொடக்க வண்டிகளில் கிராங்க் மூக்கு குட்டையாக இருந்ததால் இதே நோய் பேர் பெற்றது, போல்ட் கொஞ்சம் தளர்ந்தாலே பள்ளம் தேய்ந்து புல்லி ஆடத் தொடங்கிவிடும்.

சில இன்ஜின்களில் கீயே கிடையாது. எல்எஸ் வி8-இல் டாம்பர் கிராங்க் மூக்கைவிட நூலிழை சின்னதாகக் கடையப்பட்டு, அழுத்தத்தால் மட்டுமே பிடிக்கிறது. எல்எஸ்1-க்கு முறை இது: பழைய போல்ட்டால் 330 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கி டாம்பரை முழுக்க உட்கார வைத்து, அதைக் கழற்றிவிட்டு, புதிய போல்ட்டை 50 நியூட்டன் மீட்டர் இறுக்கி அதன் பிறகு 140 டிகிரி திருப்ப வேண்டும். அந்தப் போல்ட் இழுபட்டு நீளும் வகை, இரண்டாம் தடவை போடக் கூடாது. எல்எஸ்ஸில் சூப்பர்சார்ஜர் வைத்தால் கிராங்க் மூக்கில் துளையிட்டு உலோக முளை (பின்) அடிப்பது நல்ல பழக்கம்.

மாஸ்டா எம்இசட்ஆர், ஃபோர்டு டியூராடெக் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். அவற்றில் டைமிங் செயின் ஸ்பிராக்கெட்டுக்கும் கீ இல்லை. புல்லி போல்ட்டைத் தளர்த்தினாலே செயின் டைமிங் பிடி விட்டுப்போகும். கேமையும் கிராங்க்கையும் பூட்டும் டூல் இல்லாமல் அந்தப் போல்ட்டைத் தொடாதீர்கள்.

மற்றபடி, புல்லியை அடித்து ஏற்றாதீர்கள், இழுத்து ஏற்றும் டூல் இருக்கிறது. போல்ட்டையே டூலாக வைத்து இழுத்தால் முதல் சில மரைதான் முழுப் பாரமும் தாங்கும், கிராங்க் உள்மரை போய்விடும். ஸ்டார்ட்டர் மோட்டாரைத் தட்டிப் போல்ட்டைத் தளர்த்தும் வித்தையும் வேண்டாம். ஆயில் சீல் உட்காரும் இடத்தில் பழைய ஹப்பில் பள்ளம் விழுந்திருக்கும், புதியதில் அந்த முகம் கண்ணாடி போல இருக்க வேண்டும். சீலையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.

கோவையில் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. மாடல் கொடுத்துக் கடைந்துகொள்ளலாமா?

ஆல்டர்னேட்டர் புல்லி, ஐட்லர் போன்றவற்றைத் தாராளமாக. நம் ஊர்க்காரர்கள் கை சுத்தம், இதில் எனக்குப் பெருமைதான். 6061-டி6 அலுமினியத்தில் கடைந்து ஹார்டு ஆனடைஸ் செய்தால் பெல்ட் வரி சீக்கிரம் தேயாது. வரிக்கு வரி தூரம் 3.56 மில்லிமீட்டர் என்பதைக் கேஜ் வைத்துச் சரிபாருங்கள். டாம்பரைக் கடைந்து செய்ய முடியாது. கடைசலில் வருவது வடிவம்தான். ரப்பரின் கடினமும் வளையத்தின் எடையும் கிராங்க்கை அளந்து தீர்மானிக்கப்பட்டவை. பழைய டாம்பரின் வெளி வளையத்தை லேசாக்கக் கடைவதும் இதே தவறு, குறியே மாறிவிடும்.

பந்தயத்துக்குப் போகிறேன், விதி ஏதாவது உண்டா?

கம்பெனி டாம்பரின் வார்ப்பு வளையம் அதிவேகத்தில் பிய்ந்து பறந்தால் பானெட்டைக் கிழித்துக்கொண்டு போகும். அதனால்தான் எஸ்எஃப்ஐ 18.1 என்ற தரச் சான்று இருக்கிறது. அமெரிக்க டிராக் பந்தய அமைப்பான என்எச்ஆர்ஏ, கால் மைலை 10.99 நொடி அல்லது அதைவிட வேகமாக ஓடும் வண்டிகளுக்கு இந்தச் சான்று பெற்ற டாம்பரைக் கேட்கிறது. இங்கே எஃப்எம்எஸ்சிஐ (இந்திய மோட்டார் பந்தயக் கூட்டமைப்பு) பந்தயத்தில் உங்கள் வகுப்பு விதியில் புல்லியை மாற்ற அனுமதி இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள். ஸ்டாக் வகுப்பில் இதற்காகவே வெளியேற்றப்படலாம்.

மாட்டியாயிற்று. இனி எப்போது பார்க்க வேண்டும்?

ஸ்டார்ட் செய்வதற்கு முன் டயல் கேஜ் வைத்துக் கையால் ஒரு சுற்று சுற்றி, ஆட்டம் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். புதிய டாம்பரிலும் ஹப்பிலிருந்து வளையத்துக்கு அந்த வெள்ளைக் கோட்டைப் போடுங்கள். போல்ட் தலையிலிருந்து ஹப்புக்கு இன்னொரு கோடு. முதல் 500 கிலோமீட்டரில் ஒரு தடவை, பிறகு ஒவ்வொரு ஆயில் மாற்றும்போதும் கீழே குனிந்து இரண்டு கோட்டையும் பாருங்கள். ஆயில் வடிந்து முடிவதற்குள் முடிந்துவிடும் வேலை. பழைய டாம்பர் நல்ல நிலையில் இருந்தால் விற்காமல் துணி சுற்றி, படுக்க வைத்து, வெயில் படாத இடத்தில் வையுங்கள்.